‘வெறும் டெஸ்டிங் வேலையா?’ ஸ்டோரேஜ் துறைக்குப் போகும் மகளைப் பற்றிக் கேட்ட பெற்றோருக்கு

வேலையின் பெயரில் ‘டெஸ்டிங்’ என்று இருப்பதுதான் உங்களை உறுத்துகிறது. நான்கு வருடம் இசிஇ படித்த பெண் பட்டனை அமுக்கிப் பார்க்கும் வேலைக்குப் போவதா என்று கேட்கிறீர்கள். பணி விவரத்தில் ‘சான் ஆரேக்களில் காப்பி ஆஃப்லோட் சோதனை’ என்றொரு வரி இருக்கிறதே, அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

சான் என்பது ஸ்டோரேஜுக்கான நெட்வொர்க். அதன் வழியாகப் பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் பெரிய டிஸ்க் பெட்டிதான் ஆரே. அதற்குள் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு 10 ஜிபி நகலெடுத்தால், வழக்கமாக அந்த 10 ஜிபி சர்வருக்கு வந்து, மறுபடி அதே பெட்டிக்குத் திரும்பும். கம்பியில் 20 ஜிபி ஓடுகிறது. ஆஃப்லோட் இருந்தால் சர்வர் கட்டளை மட்டும் கொடுக்கும், நகலெடுப்பதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். சர்வர் டிஸ்க்கோடு பேசும் ஸ்கஸி நெறிமுறையில் அந்தக் கட்டளைக்கு எக்ஸ்டெண்டட் காப்பி என்று பெயர், ஹெக்ஸ் எண் 83. விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் செய்யும் விஎம்வேர் இந்த ஆஃப்லோட் வசதியை 2010இல் விஸ்பியர் 4.1உடன் கொண்டுவந்தது. விண்டோஸ் சர்வர் 2012இல் ஓடிஎக்ஸ் என்ற பெயரில் வந்தது. அதில் பெட்டி 512 பைட் டோக்கன் ஒன்றைத் தரும். கிடங்கு ரசீது மாதிரிதான்: சரக்கு கிடங்கிலேயே இருக்க, ரசீது மட்டும் கைமாறும்.

இந்தச் சோதனை கடினமாவது இங்கேதான். ஆஃப்லோட் நடக்காவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. விண்டோஸும் விஎம்வேரும் சத்தமில்லாமல் பழைய முறைக்குப் போய் நகலெடுத்து முடித்துவிடும். கோப்பு சரியாகத்தான் இருக்கும், ‘பாஸ்’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் சோதிக்க வந்த விஷயம் நடக்கவே இல்லை. எந்த வழியில் நகல் போனது என்பதை நிரூபிப்பதுதான் வேலை. அதற்கு நெறிமுறை, கெர்னல், நெட்வொர்க் மூன்றும் தெரிய வேண்டும். ஆகவே தயக்கம் வேண்டாம், இது நல்ல பொறியியல் வேலை.

சேருவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கலாம், கட்டணமில்லை. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும், 16 இருந்தால் வசதி. தலா 2 ஜிபி ரேமில் இரண்டு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின்கள். ஒன்று ஆரே வேடம் போடும்: அதில் டார்கெட்சிஎல்ஐ என்ற கருவி கொண்டு 4 ஜிபி அளவில் இரண்டு லன் (சர்வருக்கு டிஸ்க்காகத் தெரியும் பகுதி) உருவாக்கி, ஐஸ்கஸி (நெட்வொர்க்கில் ஓடும் ஸ்கஸி) வழியாகக் கொடுக்க வேண்டும். போர்ட் 3260. சர்வராக இருக்கும் இன்னொன்றிலிருந்து அவற்றை இணைத்து, ஸ்கஸி கட்டளைகளை அனுப்ப உதவும் எஸ்ஜி3 யூடில்ஸ் தொகுப்பை நிறுவ வேண்டும். ‘நீ யார், என்ன செய்வாய்’ என்று லன்னைக் கேட்கும் இன்குவைரி கட்டளையின் பதிலில், காப்பி ஆதரவைக் குறிக்கும் 3பிசி என்ற பிட் 1 ஆக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பிறகு மூல லன்னை ராண்டம் தரவால் நிரப்ப வேண்டும். பூஜ்யங்களால் நிரப்பினால், எதுவும் எழுதப்படாத வெற்று லன்னும் பூஜ்யமாகவே படிக்கப்படும், நகல் நடந்ததுபோலத் தெரியும். அடுத்து, ஆஃப்லோட் நகலைத் தொடங்கும் எஸ்ஜி_எக்ஸ்காப்பி கட்டளை. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் தரவு அழியும். லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறலாம் என்பதால், மாறாத பை-ஐடி பெயரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

நகலுக்கு முன்னும் பின்னும் நெட்வொர்க் கார்டின் பைட் கணக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸின் டிடி கட்டளையால் செய்யும் சாதாரண நகலில் சுமார் 8 ஜிபி கூடும், ஆஃப்லோடில் அதன் பக்கத்தில்கூட வராது. நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் 83 எண் கட்டளைகள் வரிசையாகத் தெரியும். நேரம் பெரிதாகக் குறையவில்லையே என்று மகள் குழம்பலாம். ஆரே வேடம் போடும் லினக்ஸ் (டார்கெட்) தன் நினைவகத்தில் படித்து எழுதித்தான் நகலெடுக்கிறது. அதில் மிச்சமாவது நெட்வொர்க்.

கடைசியில் இரண்டு லன்களின் எஸ்எச்ஏ-256 மதிப்பையும் (தரவின் கைரேகை போன்ற எண்) ஒப்பிட வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நகல் பெட்டிக்குள்ளேயே நடந்ததால், இலக்கு மாறியது சர்வரின் பேஜ் கேஷுக்கு (படித்த தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) தெரியாது. முன்பே படித்திருந்தால் பழைய தரவையே காட்டும், நல்ல நகலும் ‘ஃபெயில்’ ஆகும். டிடியில் கேஷைத் தவிர்க்கும் டைரக்ட் முறையில் படித்து எஸ்எச்ஏ கட்டளைக்கு அனுப்ப வேண்டும். மூலத்திலும் இதே சிக்கல் உண்டு: எழுதியதை நினைவகத்திலிருந்து பெட்டிக்கு அனுப்பாமல் (சிங்க் செய்யாமல்) விட்டால் பெட்டி பழையதைத்தான் நகலெடுக்கும்.

விண்டோஸில் கதை வேறு. கோப்பு வேலைகளின் நடுவே உட்காரும் ஆன்டிவைரஸ் போன்ற ஃபில்டர் டிரைவர் ஒன்று ஆஃப்லோடை ஆதரிக்காவிட்டாலே ஓடிஎக்ஸ் நின்றுவிடும். எஃப்எல்டிஎம்சி இன்ஸ்டன்சஸ் கட்டளை தரும் பட்டியலில், ஒவ்வொரு ஃபில்டரின் மதிப்பிலும் ஆஃப்லோடைக் குறிக்கும் இரண்டு பிட்களும் (சேர்ந்தால் 3) இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சுருக்கப்பட்ட கோப்பு, என்க்ரிப்ட் செய்த கோப்பு, 256 கேபிக்குக் குறைந்த கோப்பு எதற்கும் ஓடிஎக்ஸ் வேலை செய்யாது. விஎம்வேரில் ஈஎஸ்எக்ஸ்டாப் என்ற கண்காணிப்புக் கருவியின் டிஸ்க் திரையில் குளோன் எண்ணிக்கைகள் ஏறுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

நேர்காணலில் இப்படிக் கேட்கலாம்: 10 ஜிபிபிஎஸ் இணைப்பு ஒன்று, 10 ஜிபி நகல் 3 நொடியில் முடிந்தது, என்ன சொல்வாய்? அந்த இணைப்பில் நொடிக்கு 1.25 ஜிபிக்கு மேல் போகாது, குறைந்தது 8 நொடி ஆகும். எனவே தரவு கம்பியில் முழுதாகப் போகவில்லை. 20 நொடி ஆகியிருந்தால் நேரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பைட் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லும் மாணவர் தனித்துத் தெரிவார்.

இதோடு பைத்தானும், அதில் சோதனை எழுத உதவும் பைடெஸ்டும் வேண்டும். சான்றிதழ் ஒன்று வேண்டுமென்றால் ரெட் ஹேட்டின் லினக்ஸ் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏ எழுதலாம். அது கைப்பட செய்து காட்டும் தேர்வு. ‘ஸ்டோரேஜ் கோர்ஸ், வேலை உறுதி’ என்று பெரிய கட்டணம் கேட்கும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். நெட்ஆப், டெல், ஹெச்பிஇ போன்ற நிறுவனங்களின் பொறியியல் மையங்கள் பெங்களூரில் இருப்பதால், பின்னாளில் மகள் அங்கே போக நேரலாம். அதற்கு மனதளவில் தயாராக இருங்கள்.

ஆஃபரை ஏற்பதற்கு முன் மகளே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கட்டும். சோதிக்கப் போவது ஆரேக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையா, மேலாண்மைத் திரையையா? லேபில் உண்மையான ஆரே தொடக் கிடைக்குமா? டெஸ்ட் ஸ்கிரிப்டை எழுதுவது யார், வெறுமனே ஓட்டுவது யார்? திரை மட்டும், ஆரே கிடையாது, வேறொருவர் எழுதியதை ஓட்டுவது மட்டும் என்று பதில் வந்தால், உங்கள் கவலை நியாயமானதே. அப்போது வேறு ஆஃபருக்குக் காத்திருக்கலாம்.