வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: எதை வாங்குவது, எப்படிப் பழகுவது?

டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கும் மனைவிக்கும் சமீபத்தில்தான் கிரீன் கார்டு வந்திருக்கிறது. ஐந்து வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அடுத்த தெருவில் ஒரு இந்தியக் குடும்பத்தின் வீட்டில் நகை திருட்டுப் போயிருக்கிறது. “ஷாட்கன் வாங்கி வை, குறி பார்க்கக்கூட வேண்டாம், சத்தம் கேட்டாலே ஓடிவிடுவான்” என்கிறார் அலுவலக நண்பர். அடுத்த மாதம் அப்பா அம்மா மதுரையிலிருந்து ஆறு மாதம் தங்க வருகிறார்கள். எதை வாங்குவது, எங்கே பழகுவது என்பது அவர் கேள்வி.

பயம் ஆதாரமில்லாதது அல்ல. 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், டெக்சாஸ் என ஐந்து மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்துக் கொள்ளையடித்த கும்பல் ஒன்று இருந்தது. அதன் தலைவிக்கு 2019-ல் 37 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரியும்.

வாங்குவதற்கு முன் சட்டம். இதை நம்மவர்களில் பலர் தெரியாமல் இருக்கிறார்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. படிப்பைத் தொடர முடியாமல் மாணவர் விசா அந்தஸ்தை இழந்த ஒருவர், ஃபுளோரிடாவில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதற்காக வழக்கில் சிக்கி, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. ரெஹைஃப் வழக்கு, 2019. நண்பர்களோடு ஜாலியாக ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிற விசாக்காரர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

உங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு இருப்பதால் தடையில்லை. கடையில் 4473 என்ற படிவம் நிரப்பச் சொல்வார்கள். எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்வி அதில் உண்டு. அவசரத்தில் “அமெரிக்கா” என்று போட்டுவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது குடியேற்றச் சட்டத்தில் கிட்டத்தட்ட மன்னிப்பே இல்லாத தவறு. ஆயுதக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம். எச்-1பி நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் பெரிய குற்றம். 15 ஆண்டு வரை சிறை. அப்பா அம்மா வருவது பார்வையாளர் விசாவில். அதனால் துப்பாக்கிப் பெட்டியின் எண் அவர்களுக்குத் தெரியவே கூடாது. எஃப்-1 விசாவில் படிக்கிற தம்பி மகன் வந்து தங்கினாலும் இதேதான்.

இப்போது நண்பரின் ஷாட்கனுக்கு வருவோம். குறி பார்க்க வேண்டாம் என்பது சினிமாக் கதை. 12 கேஜ் (குழல் அளவு) ஷாட்கனில் இரட்டைப் பூஜ்ய பக்‌ஷாட் தோட்டா ஒன்றில் எட்டு அல்லது ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீட்டர். ஓர் அறையின் நீளத்துக்குள் அவை விரிவது சில அங்குலங்கள்தான். பிஸ்டலைப் போலவே குறி பார்த்துத்தான் சுட வேண்டும். தவறிய குண்டு ஒவ்வொன்றும் எங்கோ போய்ச் சேரும். தோட்டாவை ஏற்ற ‘பம்ப்’ இழுக்கும் சத்தத்தில் திருடன் ஓடலாம், ஓடாமலும் போகலாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது மட்டும் அவனுக்கு நிச்சயம் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் வீட்டின் சுவர். ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள் வளர்ந்தவர்களுக்கு இது உறைப்பதில்லை. ஃப்ரிஸ்கோ வீட்டின் உட்சுவர் என்பது மரச் சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. 9 எம்எம் தோட்டாவும் பக்‌ஷாட்டும் அப்படிப்பட்ட சுவர்கள் இரண்டு மூன்றைத் துளைத்துக்கொண்டு போகும். நுனியில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டா உடலுக்குள் விரிவதற்காகச் செய்யப்பட்டது. ஜிப்சம் பொடி அதன் வாயை அடைத்துவிட்டால் அது விரியாமல் நேரே போய்க்கொண்டே இருக்கும். ஏஆர்-15 வகை ரைஃபிளின் எடை குறைந்த, சிதறக்கூடிய தோட்டா சில சமயம் இவற்றைவிடக் குறைவாகத் துளைக்கும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் எதிரே இருப்பவனை நிறுத்தக்கூடிய எந்தத் தோட்டாவும் ஜிப்சம் சுவரில் நின்றுவிடாது. ஆகவே தோட்டா எது என்பதைவிட, எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை முன்கூட்டி முடிவு செய்வது முக்கியம். உங்கள் படுக்கையறை வாசலில் நின்று பாருங்கள். பிள்ளைகளின் அறை எந்தப் பக்கம்? பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம்?

அந்தப் பகுதி வீடுகளில் பெரும்பாலும் பெரிய படுக்கையறையும் விருந்தினர் அறையும் கீழே, பிள்ளைகள் மாடியில். விருந்தினர் அறை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே இருப்பதும் உண்டு. அங்கேதான் அப்பா அம்மா. முதல் இரண்டு வாரம் ஜெட்லாக். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து, விளக்கு போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் என்று இருட்டிலேயே சமையலறைக்கு நடந்து வெந்நீர் வைப்பார். அப்பா காற்று வாங்கக் கதவைத் திறக்க, அலாரம் அலறும். அடுத்த ஆறு மாதத்தில் உங்கள் வீட்டில் நள்ளிரவில் கேட்கப்போகும் சத்தம் திருடன் போட்டது என்பதைவிட அவர்கள் போட்டது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

1992-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்கு வழி தவறி வேறு வீட்டுக் கதவைத் தட்டிய 16 வயது ஜப்பானிய மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நகராதே என்று வீட்டுக்காரர் கத்தியது அந்தப் பையனுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் குற்ற வழக்கில் விடுதலையானார். உங்கள் அப்பாவிடமும் இருட்டில் யாராவது ஆங்கிலத்தில் கத்தினால் அவர் நின்று “என்னப்பா?” என்று கேட்டபடி முன்னால்தான் வருவார்.

அதனால் என் ஆலோசனை: முதலில் டார்ச். கையில் பிடிக்கும் நல்ல டார்ச் ஒன்று தனியாக இருக்கட்டும். துப்பாக்கியில் மாட்டும் விளக்கு மட்டும் இருந்தால், யார் என்று பார்ப்பதற்கே துப்பாக்கியை அவர்மேல் நீட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, தமிழில் “யாரது?” என்று உரக்கக் கேளுங்கள். தமிழில் பதில் வந்தால் விஷயம் முடிந்தது. மூன்றாவது, வீட்டைச் சுற்றித் தேடிப் போகாதீர்கள். பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே தனியாகச் செய்யத் தயங்கும் வேலை அது. மனைவி 911-ஐ அழைக்கட்டும். நீங்கள் படிக்கட்டின் அடியையோ படுக்கையறைக் கதவையோ காத்து நில்லுங்கள். அப்பா அம்மா அறையை உள்ளே பூட்டிக்கொண்டு, நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை வெளியே வரக் கூடாது. இதை அவர்கள் வந்த முதல் வாரமே பேசிவிடுங்கள். பகலில் ஒருமுறை நடந்தும் பாருங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கும். போலீஸ் வரும்போது உங்கள் கையில் துப்பாக்கி இருக்கவே கூடாது. வீட்டுக்காரர் யார், திருடன் யார் என்று வாசலில் நிற்கும் அதிகாரிக்குத் தெரியாது.

என்ன வாங்குவது? நீங்கள் இருவரும் பழகப்போகிறீர்கள் என்றால் 9 எம்எம் பிஸ்டல், நடுத்தர அளவு அல்லது முழு அளவு. கிளாக் 19 என்ற பிஸ்டலின் அளவில் இருப்பவை பலருக்கும் ஒத்துவரும். ‘பெண்களுக்கு ஏற்றது’ என்று கடைக்காரர் கையடக்கமான சிறிய பிஸ்டலை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு அதிகம்; பழகுபவர் பயந்துபோய் இரண்டாம் முறை ரேஞ்சுக்கு வரமாட்டார். பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடை இழுக்கக் கஷ்டமாக இருந்தால் ஸ்மித் அண்ட் வெஸனின் ‘ஷீல்டு ஈஇசட்’ போல அதற்கென்றே இலகுவாகச் செய்த வகைகள் உண்டு. குறி தவறாமல் சுடுவது தோளில் வைக்கும் துப்பாக்கியில்தான் எளிது என்பது உண்மை. ஆனால் ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டோ போனைப் பிடித்துக்கொண்டோ அதைக் கையாள முடியாது. வாங்குவதற்கு முன் ரேஞ்சில் மூன்று நான்கு வகைகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். நண்பர் சொன்னதையோ நான் சொன்னதையோ நம்பி வாங்க வேண்டாம்.

பயிற்சியில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான டெக்சாஸின் எல்டிசி உரிமத் தேர்வில் 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும். 250-க்கு 175 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. நல்ல வெளிச்சத்தில், அசையாத காகிதத்தை, ஆள் சொல்லும்போது சுடுவது. அதைப் பயிற்சி என்று எண்ண வேண்டாம். அடிப்படைப் பிஸ்டல் வகுப்பில் தொடங்கி, பிறகு வீட்டுப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் சேருங்கள், இருவருமே. எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியது என்றே நினைப்பது, அழிக்க விரும்பாத எதன் மீதும் முனையை நீட்டாதிருப்பது, குறி வைத்து முடிவெடுக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வைப்பது, குறியையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிவது என்ற நான்கு விதிகளும் யோசிக்காமலே கையில் வர வேண்டும். விசையை அழுத்தும் நொடியில் கை குலுங்குகிறதா என்று பார்க்க, தோட்டா நிரப்பும் மேகசினில் நடுநடுவே போலித் தோட்டாவைக் கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒரு தடவை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, வெற்றுத் துப்பாக்கியில் பழகுவது செலவில்லாதது. இரண்டு முறை சோதித்த பிறகே அதைத் தொடுங்கள்.

பிள்ளைகள். பீரோவின் மேல்தட்டு, புடவை அடுக்கின் அடி, இவையெல்லாம் ஒளித்து வைக்கும் இடமே அல்ல. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத இடம் வீட்டில் கிடையாது. டெக்சாஸ் சட்டப்படி நீங்கள் அஜாக்கிரதையாக விட்ட தோட்டா நிரம்பிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்டவர் கைக்குப் போனாலே குற்றம். அவர் அதைச் சுட்டு யாருக்காவது உயிரோ உறுப்போ போனால் சிறை வரை போகும். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டுப் பொருத்திய, எண் பொத்தான் உள்ள சேஃப் வாங்குங்கள். விரல் ரேகைப் பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துகொள்கின்றன என்று 2023-ல் அமெரிக்காவில் சுமார் 61,000 பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேட்கப் பிடிக்காது. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. கலிபோர்னியாவில் நடந்து 2020-ல் வெளியான பெரிய ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்வது வைத்திருக்காதவர்களைப்போல 8 மடங்கு. பெண்கள் 35 மடங்கு. வேலை போய்த் தவித்துக்கொண்டிருப்பவர், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருப்பவர், விவாகரத்துப் பேச்சு நடக்கும் வீடு என்றால், இப்போது வாங்க வேண்டாம் என்பேன். வாங்கியிருந்தால் நம்பகமான ஒருவரிடம் சட்டப்படி ஒப்படைத்து வைக்கலாம்.

இரவில் பொருளைக் காக்கச் சுடுவதற்குக்கூட டெக்சாஸ் சட்டம் சில சூழல்களில் இடம் தருகிறது. அதை நம்பி இறங்காதீர்கள். நகைக்கு வேறு வழிகள் மலிவு. கதவுப் பூட்டின் நாக்கு உட்காரும் தகட்டில் இருக்கும் சின்னத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலத் திருகாணி போடுங்கள்; ஒரே உதையில் திறக்கும் கதவு அப்புறம் திறக்காது. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நகைத் திருட்டுக்குப் பெரும்பாலும் 1,500 டாலர்தான் உச்ச வரம்பு. நகைகளைத் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்க்கச் சொல்லி ஏஜென்டிடம் கேளுங்கள், அல்லது வங்கி லாக்கர் பாருங்கள். தீபாவளிப் படங்களை ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போடுவதையும் சேர்த்து யோசிக்கலாம்.

கடைசியாக, ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். அதன் அடியில் உருண்டு கிடக்கும் ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் இந்திய ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள். விடுமுறை முழுக்க வழக்கறிஞர் அலுவலகத்தில் போகும்.