போகாத ஊரில் 37 ஓட்டு

வணக்கம் சார்,

அமெரிக்காவின் பொகோட்டா ஊர் மேயரைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். எட்டாயிரம் பேர் உள்ள ஊருக்கு மேயராக இருந்தவர் நான்கு தடவை வாஷிங்டனுக்கு டிக்கெட் கேட்டு நான்கு தடவையும் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை.

என் அப்பா ஒரு பேரூராட்சியின் தலைவராக இருந்தவர். 1996, 2001 இரண்டு தேர்தலிலும் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 2004லும் 2009லும் மக்களவைக்கு நின்றார். இரண்டு முறையும் டெபாசிட் போயிற்று. அவருக்கு இப்போது 78 வயது, பெரம்பூரில் என்னோடு இருக்கிறார். 2004ன் பூத்வாரி ஓட்டுப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்த்து, "நம்ம தெருவிலேயே போடலியேடா" என்பார். அதே பட்டியலில், அவர் பிரச்சாரத்துக்கே போகாத ஏதோ ஒரு ஊரில் 37 ஓட்டு விழுந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

ஊரில் நல்ல பெயர் எடுத்தவர் மேலே போக நினைத்தால் அது கேலிக்குரியதா?

ச., பெரம்பூர்

*

அன்புள்ள ச.,

முதலில் அந்த பிளாட்பாரம் வரிக்கு மன்னிப்பு. எழுதும்போது நன்றாக இருப்பதுபோல் தோன்றியது. உங்கள் கடிதத்துக்குப் பிறகு திரும்பப் படித்தால் மட்டமாக இருக்கிறது.

அந்த மேயரை நான் பாதி சொல்லி விட்டுவிட்டேன். ஸ்டீவ் லோனகன் என்று பெயர். நியூ ஜெர்சி மாநிலத்தின் வடக்கே, பெர்கன் கவுன்டியில் இருக்கிறது பொகோட்டா. கொலம்பியாவின் தலைநகருக்கும் இதற்கும் உறவு கிடையாது. போகர்ட் என்ற பழைய குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது. சென்னை மாநகராட்சியின் ஒரு வார்டில் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்றால், பொகோட்டா அதில் கால்வாசி. பெயர்தான் மேயர், நம் கணக்கில் உங்கள் அப்பா வகித்த பதவிதான் அது. விழித்திரை நோயால் பார்வையைப் பெரும்பாலும் இழந்தவர் லோனகன். குடியரசுக் கட்சிக்காரர், ஜனநாயகக் கட்சி செல்வாக்கான ஊரில் மூன்று முறை மேயரானார். இது சாதாரணக் காரியமில்லை.

அப்புறம் மேலே பார்த்தார். 1998ல் பிரதிநிதிகள் சபைக்கு, அதாவது வாஷிங்டனில் உள்ள அவர்களுடைய மக்களவைக்கு, நின்று தோற்றார். அப்போது நியூ ஜெர்சியில் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய ஆறு லட்சம் மக்கள். எட்டாயிரம் பேரிடம் வாங்கிய நல்ல பெயர் ஆறு லட்சத்தில் எவ்வளவு தூரம் போகும்? சாம்பாரில் கரைத்த ஒரு சொட்டுத் தேன்தான். 2013ல் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு இடைத்தேர்தல், மாநிலம் முழுக்க ஓட்டு. அதில் 44 சதவீதம் வாங்கித் தோற்றார். நம்மூரில் நாலு முனைப் போட்டியில் 44 சதவீதம் வாங்கினால் மாலையோடு ஊர்வலம் போயிருப்பார். 2014ல் மாநிலத்தின் தென்பகுதியில், தன் ஊருக்கு வெகுதூரத்தில் உள்ள ஒரு தொகுதியில் நிற்கப் பார்த்து, கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார். 2018ல் மறுபடி உட்கட்சியில் தோல்வி. நடுவில் ஆளுநர் பதவிக்கு முயன்று தோற்றது தனிக் கணக்கு.

இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? 2013ல் அவரைத் தோற்கடித்த கோரி புக்கர் அப்போது நெவார்க் நகரின் மேயர். 2014ல் தோற்கடித்த டாம் மெக்கார்த்தர், ராண்டால்ஃப் என்ற சிற்றூரின் முன்னாள் மேயர். ஆக மேயர்கள் போக முடியாத இடமில்லை அது. இரண்டு முறையும் இன்னொரு மேயர்தான் உள்ளே போனார்.

ஊருக்கு வெளியே லோனகனை எதற்காக அறிந்திருந்தார்கள் என்று பார்த்தால், 2006ல் மெக்டொனால்ட்ஸ் அந்த ஊரில் ஸ்பானிஷ் மொழியில் ஒரு விளம்பரப் பலகை வைத்தது. இவர் அதை எடு என்றார். நாடு முழுக்கச் செய்தியானது. (போர்டு எந்த மொழியில் இருக்கவேண்டும் என்ற சண்டை நமக்கும் புதிதில்லை.) ஊருக்குள் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் சாக்கடைக்கும் வரிக்கும் போட்டிருப்பார்கள். வெளியே போனது சாக்கடை இல்லை, போர்டு. உள்ளூர்ப் பதவியின் பெயர் நடந்து போகும் தூரம்தான் போகும். அதற்கு மேல் போகவேண்டுமானால் ஏறிக்கொள்ள ஒரு வண்டி வேண்டும். அங்கே அது கொள்கைச் சண்டை, பணம், கட்சி. இங்கே சின்னம்.

உங்கள் அப்பாவுக்கு அந்த வண்டி எப்போது கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். சுயேச்சைக்கு, மனு வாபஸ் வாங்கும் நாள் முடிந்தபிறகுதான் சின்னமே ஒதுக்குவார்கள். 2024ல் தமிழ்நாட்டில் வாபஸுக்குக் கடைசி நாள் மார்ச் 30, ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் ஆறு சட்டமன்றத் தொகுதி, பதினைந்து லட்சம் பேருக்கு மேல். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க 68 ஆயிரத்துக்கு மேல் வாக்குச்சாவடிகள். 39ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 1,700க்கு மேல். பூத்துக்கு ஒரு ஏஜென்ட் என்றாலும் 1,700 பேர், 1,700 சாப்பாட்டுப் பொட்டலம், டீ. பேரூராட்சித் தேர்தலில் உங்கள் அம்மா வடித்த சோறு போதுமாயிருந்திருக்கும்.

பேரூராட்சியில் அவர் பெயரைச் சொன்னால் போதும். மக்களவைக்கு முதலில் சின்னத்தைச் சொல்லவேண்டும், பிறகு பெயர், பிறகு எந்த ஊர். 2009ல் மறுபடி நின்றபோது முதல் முறை சொன்ன சின்னம் திரும்பக் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதற்குள் தொகுதி மறுவரையறை வேறு வந்துவிட்டது. ராசிபுரம், திருச்செங்கோடு, பழனி, பெரியகுளம் என்று மக்களவைத் தொகுதிகளே காணாமல் போன தேர்தல் அது. 2004லோ, திமுக கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் அள்ளியது. அந்த அலையில் பெரிய கட்சிகளே மூழ்கின. உங்கள் அப்பா தெப்பத்தில் போனவர்.

பெரியகுளம் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஓ. பன்னீர்செல்வம் 1996ல் பெரியகுளம் நகராட்சித் தலைவரானார். பிறகு எம்.எல்.ஏ., மூன்று முறை முதல்வர். அத்தனைக்கும் பிறகு 2024ல் ராமநாதபுரத்தில் மக்களவைக்குச் சுயேச்சையாக நின்றார், பலாப்பழம் சின்னம். அவர் பெயரிலேயே வேறு சில பன்னீர்செல்வங்களும் மனு போட்டார்கள். மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் வாங்கினார். இரண்டாம் இடம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோல்வி. சுயேச்சை வாங்கிய ஓட்டாகப் பார்த்தால் பெரிய எண்ணிக்கைதான். ஆனாலும் ஒரு முன்னாள் முதல்வருக்கே பழகிய சின்னம் போனால் இவ்வளவுதான்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன வழி தலைகீழ். 1934ல் டில்லி மத்திய சட்டசபைக்கு ஜெயித்துப் போனார், 1939ல் சென்னை மேயரானார். பூண்டி நீர்த்தேக்கத்தின் மூலம் அவர் பெயர் நிற்கிறது. டில்லியில் அவர் பேசிய பேச்சுகளை இன்று எத்தனை பேர் படிக்கிறார்கள்?

சரி, "நம்ம தெருவிலேயே போடலியே". இதற்கு வருகிறேன்.

2024ல் நான் தென் சென்னையில் ஓட்டுப் போட்டேன். மேஜையில் மூன்று இயந்திரங்கள் வரிசையாக இருந்தன. 41 வேட்பாளர்கள், நோட்டா சேர்த்து 42. அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் முதல் இயந்திரத்திலேயே வேலையை முடித்துக்கொண்டார். மூன்றாவது இருந்ததை அவர் பார்த்தாரா என்றே சந்தேகம். வெளியே வந்தபோது அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கவுன்சிலர் தேர்தலில் யாருக்குப் போட்டார் என்று பெயர் சொல்லிச் சொன்னார். "அந்தப் பையன் லைட் போட்டுக் கொடுத்தான் சார்." இந்த முறை யாருக்கு என்றதற்குப் பெயர் வரவில்லை. இரண்டு விரலை மேசைமேல் தட்டுவதுபோல் காட்டி, "சின்னத்துக்குத்தான்" என்றார்.

உங்கள் தெருக்காரர்களும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அப்பாமேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நிற்கக்கூடிய ஓர் ஆளை டில்லிக்கு அனுப்ப எந்தத் தெரு சம்மதிக்கும்? அதோடு, எட்டு வருடம் தலைவராக இருந்தவர் நாலு பேருக்கு வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்திருப்பார், நாலு ஆக்கிரமிப்பை இடித்திருப்பார். வெளியூரில் யாருக்கும் தெரியாது என்பது ஒரு தோல்வி; உள்ளூரில் எல்லாருக்கும் தெரியும் என்பது இன்னொன்று. அவருக்கு இரண்டும் ஒரே நாளில் வந்தது.

கேலிக்குரியதா என்று கேட்டீர்கள். முதல் முறை நின்றதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. இரண்டாம் முறைதான் எனக்குச் சங்கடம். 2006ல் தமிழ்நாட்டில் பேரூராட்சித் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை போய், கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. கட்சி இல்லாத ஒருவருக்குக் கதவு அங்கேயே அடைபட்டது. அந்தக் கோபத்தில்தான் 2009ல் நின்றாரோ? அப்படியென்றால் அவர் போகவேண்டியிருந்தது வார்டுக்கு, டில்லிக்கு இல்லை. வார்டு கவுன்சிலராக நின்றிருக்கலாம். சேர்மனாக இருந்தவர் கவுன்சிலராக நிற்பதா என்று நினைத்திருப்பார். அந்த வீம்புக்கு இரண்டாவது டெபாசிட் பத்தாயிரம் ரூபாய்.

பட்டியலைப் பற்றி ஒன்று. தன் தெருவை மட்டுமே பார்க்கிறார். அந்த 37 ஓட்டு விழுந்த ஊரைப் பாருங்கள். அவர் போகாத ஊர், பேசாத ஊர், அவர் முகத்தைப் பார்த்திராத ஊர். 2004ல் இயந்திரத்தில் வேட்பாளர் படம்கூட ஒட்டவில்லை. அங்கே 37 பேர் அந்தப் பொத்தானைத் தேடி அழுத்தியிருக்கிறார்கள். யாரோ பெண் கொடுத்த உறவு ஒன்று அந்த ஊரில் இருந்து சொல்லியிருக்கலாம். அவர் கட்டிய தண்ணீர்த் தொட்டியைப் பஸ்ஸில் போகும்போது பார்த்தவர்களாக இருக்கலாம்.

அப்போது அவருக்கு என்ன சின்னம் கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை மின்விசிறியாக இருந்தால், கறுப்பு வெள்ளையில் சின்னதாக அச்சடித்த விசிறியின் இறக்கை, கண் மங்கிய சிலருக்கு இரட்டை இலையாகத் தெரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் அதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.