முகாமில் பிரசவம் பார்க்க விரும்பும் மகள்: ஒரு தாயாருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை நான்கில் படிக்கும் உங்கள் மகள், அகதிகள் முகாமில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியாகப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து உறக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவரை அனுப்புவதா வேண்டாமா என்று இந்த ஆண்டே நீங்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி உண்மையில் எழுவதற்கு ஏழெட்டு ஆண்டுகளாவது ஆகும். அதுவரை அவர் படிக்க வேண்டியதும் பழக வேண்டியதும் பெரும்பாலும் சிங்கப்பூரிலேயே இருக்கின்றன.

இங்கே மருத்துவச்சியாவதற்கு முதலில் தாதியாக வேண்டும். நன்யாங் அல்லது நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டுத் தாதிமைப் பட்டயம் பெறலாம். தொடக்கக் கல்லூரி வழியே சென்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டமே பெறலாம். பின்னர் சிங்கப்பூர் தாதிமை வாரியத்தில் பதிவுசெய்து, சில காலம் பணியாற்றி, மகப்பேற்றுத் தாதிமையில் உயர்பட்டயம் முடித்து, பிரசவ அறையில் அனுபவம் சேர்க்க வேண்டும். பிரிட்டனில் தாதிமை படிக்காமல் நேரடியாக மூன்றாண்டுகளில் மருத்துவச்சிப் பட்டம் பெற முடியும் என்பதும் உண்மைதான். ஆனால், அந்தப் பட்டத்தை இங்குள்ள வாரியம் எவ்வாறு ஏற்கும் என்பதை எழுத்து மூலம் உறுதிசெய்யாமல் ஒரு வெள்ளிகூடக் கட்டணம் செலுத்தாதீர்கள்.

"நம் ஊரில் அகதிகளே இல்லையே, இவளுக்கு எப்படி இந்த எண்ணம் வந்தது?" என்றும் கேட்டிருந்தீர்கள். வியட்நாமிய அகதிகள் தங்கியிருந்த ஹாக்கின்ஸ் சாலை முகாம் 1996 வரை செம்பவாங்கில் இருந்தது. இப்போது சிங்கப்பூர் அகதிகளை ஏற்பதில்லை என்பதால், இந்தப் பணி எல்லைக்கு அப்பால்தான் கிடைக்கும். பங்ளாதேஷின் காக்ஸ் பஜாரைப் பற்றி உங்கள் மகள் படித்திருக்கக்கூடும். 2017 ஆகஸ்ட்டுக்குப் பிறகு மியன்மாரிலிருந்து தப்பிய 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் அங்கே வந்து சேர்ந்தனர். இவ்வளவு தொலைவுக்குக்கூடப் போக வேண்டாம். ஜோகூர் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவிலேயே மியன்மாரிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கின்றன. ஐநா அகதி அட்டை வைத்திருப்போருக்கு அங்குள்ள அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. மீதிப் பாதியே அவர்களுக்குப் பெருந்தொகை என்பதால், கருவுற்ற பெண்கள் பரிசோதனைக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

முகாமில் செய்யும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகள் மனத்தில் இருக்கும் படத்துக்கும் உங்கள் அச்சத்துக்கும் இதில்தான் விடை இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கட்டுக்கடங்காத உதிரப்போக்கே தாய்மார் இறப்பதற்கு முதன்மையான காரணம். அதைத் தடுக்கும் ஆக்சிடோசின் மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நின்று நின்று வரும் கொட்டகையில் அந்தக் குளிர்பெட்டியைக் காப்பதும் மருத்துவச்சியின் கவலைகளுள் ஒன்றாகிவிடும். அதனால்தான் குளிர்பதனம் தேவைப்படாத மிசோப்ரோஸ்டால் மாத்திரையை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் நன்கு அறிந்திருக்க வேண்டும். கருவின் இதயத் துடிப்பைக் காதால் கேட்டும், வயிற்றைக் கையால் தொட்டும் குழந்தையின் நிலையைக் கணிக்க வேண்டியிருக்கும். எந்தத் தாயை, எந்த நேரத்தில், எந்த வாகனத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்ற முடிவு பல நேரங்களில் அவர் ஒருவரிடமே வந்து நிற்கும். கணவரோ மாமியாரோ மொழிபெயர்த்தால் ஒரு பெண் தன் வலியையும் வீட்டில் படும் துன்பத்தையும் சொல்லமாட்டார் என்பதால், நம்பகமான பெண் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொள்வதும் இந்தத் தொழிலின் பகுதியே.

இங்குள்ள பிரசவ அறைகளில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவித் திரையும் மருத்துவரும் எப்போதும் அருகில் இருப்பதால், கையையும் காதையும் மட்டும் நம்பும் பழக்கம் தானாக வந்துவிடாது. ஒரு காலத்தில் இங்கேயும் அந்தப் பழக்கம் இருந்தது. தேக்காவுக்கு அருகிலிருந்த பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 109. அன்றைய மருத்துவச்சிகளுள் யாராவது உங்கள் உறவில் இருந்தால், மகளை ஒருமுறை அழைத்துச் சென்று பேச வையுங்கள்.

பணத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள் பொதுவாக இரண்டாண்டு தொழில் அனுபவமாவது கேட்கும். பணிக்காலம் பெரும்பாலும் பல மாதங்கள் நீளும். ஊதியம் உள்ளூர்ச் சம்பளத்துக்கு ஈடாகாது. உள்ளூரில் நிலைத்தால் கிடைப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: 2024இல் அறிவிக்கப்பட்ட ஏஞ்சல் திட்டத்தின்கீழ், தகுதிபெறும் பொதுச் சுகாதாரத் துறைத் தாதியர் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை பெறலாம். எனவே, படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தால் அதனுடன் வரும் பணிப் பிணைப்பு எத்தனை ஆண்டு, அந்தக் காலத்தில் சம்பளமில்லா விடுப்பு உண்டா, அதை மீறினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற மூன்றையும் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒப்பந்தத்தை நான் உங்கள் மகளின் மதிப்பெண்களைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் பொது வரவேற்பு நாளுக்கு நீங்களும் மகளுடன் செல்லுங்கள். தாதிமைப் பிரிவு விரிவுரையாளர்களுள் பிரசவ அறையில் பணியாற்றியவர் யார் என்று விசாரித்து, முதல் இரவுப் பணி எப்படி இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் மகள் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த சந்திப்பில் அதிலிருந்து தொடங்கலாம்.