நாடியில் வளரும் முடிக்கு எடை குறையும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 26. தேவகோட்டைக்கு அருகில் வசிக்கிறேன். உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. மூன்று ஆண்டுகளில் 11 கிலோ கூடிவிட்டது. மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் நீர்க்கட்டி, பி.சி.ஓ.எஸ். என்றார்கள். நாடியிலும் மேலுதட்டிலும் அடிவயிற்றிலும் கறுப்பாக முடி வளர்கிறது. நாடி முடியை இடுக்கியால் பிடுங்கிவிடுகிறேன். ஷேவ் செய்தால் தடித்து வளரும் என்று அம்மா தடுக்கிறார். கஸ்தூரி மஞ்சள் தேய்த்தும் பயனில்லை. எடை குறைந்தால் முடி தானாகப் போய்விடும் என்று சிலரும், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலரும் சொல்கிறார்கள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டதாக நீங்கள் எழுதியிருப்பதுதான். காரைக்குடியில் என்னிடம் வரும் பெண்களில் பலர் மாதவிலக்குக் கோளாற்றுக்காக வந்ததாகச் சொல்லிவிட்டு, எழுந்து போகும் நேரத்தில்தான் முகத்து முடியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். ஒரு பெண் பேசி முடிக்கும்வரை கைக்குட்டையை நாடியிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்த பிறகு பார்த்தால், முடியைவிட அதைப் பிடுங்கிப் பிடுங்கி ஏற்பட்ட புண்களும், தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்த முடிகளும், அவற்றைச் சுற்றிய கருந்திட்டுகளும்தான் அதிகமாக இருந்தன. நீங்களும் இடுக்கியால் பிடுங்குவதாக எழுதியிருப்பதால், முதலில் அதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

பெண்ணின் உடலிலும் ஆண் தன்மை ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்கள் சிறிதளவு சுரப்பது இயல்பே. பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு இன்சுலின் சொன்ன வேலையை உடல் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அப்படி மிகுந்துபோன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜனை அதிகமாகச் சுரக்க வைப்பதோடு, அந்த ஹார்மோனை ரத்தத்தில் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்கும் அளவையும் குறைத்துவிடுகிறது. எடை கூடக் கூட இந்தச் சுழல் வலுக்கிறது. பிடியில்லாமல் திரியும் டெஸ்டோஸ்டிரோன் நாடி, மேலுதடு, அடிவயிறு போன்ற இடங்களில் உள்ள முடிவேர்களை அடைந்து, அதுவரை பூனை முடியாக இருந்ததைத் தடித்த கறுப்பு முடியாக மாற்றுகிறது. அப்படி ஒருமுறை மாறிய வேர், ஹார்மோன் குறைந்தாலும் எளிதில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எடையைக் குறைத்தால் புதிதாக முடி முளைப்பது குறையும், வளரும் வேகமும் மட்டுப்படும். ஆனால் ஏற்கெனவே தடித்துவிட்ட முடிக்குத் தனியாக ஒரு வைத்தியம் வேண்டும். ஆகவே எடை குறைந்தால் முடி தானே போய்விடும் என்பது பாதி உண்மைதான். இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. உங்கள் அம்மா உங்கள் நன்மைக்காகத்தான் தடுக்கிறார். ஆனால் உயிருள்ள வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, பிளேடு அதைத் தொடுவதே இல்லை. இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூர்மையாக இருக்கும். வெட்டிய முடியின் நுனி மட்டையாக இருப்பதால், மறுபடி முளைக்கும்போது சொரசொரப்பாகவும் கறுப்பாகவும் தெரிகிறது, அவ்வளவுதான். முகத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, சிறிது ஜெல் தடவி, புதிய பிளேடால் முடி வளரும் திசையிலேயே மெதுவாக மழித்தால் தோலுக்குத் தீங்கில்லை. மேலுதட்டுக்கு திரெடிங் செய்துகொள்ளலாம். நாடியில் பருக்கள் இருந்தால் அங்கே நூலும் வாக்ஸும் வேண்டாம். மஞ்சளுக்கு முடிவேரை அழிக்கும் ஆற்றல் இல்லை, அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் கறுக்கும். அந்தக் கறுப்பைப் போக்கக் கடையில் தாமாக வாங்கிப் பூசும் சிவப்பழகு களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, பூசிய இடத்திலேயே முடி கூடுதலாக வளரும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதவில்லை, ஏனென்றால் இந்தக் களிம்புகளால் கெட்ட முகங்களை நான் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீண்ட காலப் பலனுக்கு லேசர் இருக்கிறது. முடியிலுள்ள கறுப்பு நிறமியைக் குறிவைத்துத்தான் லேசர் வேரைச் சுடுகிறது. நம் தோலிலும் அதே நிறமி நிறைய இருப்பதால், தவறான கருவியும் தேர்ச்சியில்லாத கையும் சேர்ந்தால் தோல் சுட்டுவிடும். நமது நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர் பாதுகாப்பானது. அனுபவமுள்ளவர் கையில் டயோடு லேசரும் பயன்படுகிறது. எந்தக் கருவி, யார் செய்கிறார்கள் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். தோல் மருத்துவரின் மேற்பார்வை இல்லாத இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு முதல் எட்டு முறையாவது செய்ய வேண்டியிருக்கும், பிறகும் அவ்வப்போது ஒரு முறை தேவைப்படலாம். அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் வேரோடு பிடுங்கக் கூடாது, திரெடிங்கும் வாக்ஸும் கூடாது, ஷேவ் செய்யலாம். சிலருக்கு லேசர் பட்ட இடத்தைச் சுற்றி மெல்லிய முடி கூடுவதும் உண்டு, பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் இதை எதிர்பார்த்துக் கவனிக்க வேண்டும். ஹார்மோனைக் கட்டுக்குள் கொண்டுவராமல் லேசரை மட்டும் செய்துகொண்டால் புதிய வேர்கள் தடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் பணம் போகும், மறுபக்கம் முடி வரும்.

மருந்துகளில் முதலிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரைக்கு. கருத்தடை மாத்திரை என்ற பெயரைக் கேட்டுப் பல தாய்மார்கள் திடுக்கிடுகிறார்கள்; இங்கே அது ஹார்மோனைச் சீராக்கவும் மாதவிலக்கை முறைப்படுத்தவும் தரப்படும் மருந்து, பின்னாளில் குழந்தைப்பேற்றைக் கெடுப்பதில்லை. கண்ணில் மின்னல் கோடுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், தமக்கோ ரத்த உறவினருக்கோ ரத்தம் உறைந்த வரலாறு ஆகியவை இருந்தால் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. முடியின் வளர்ச்சிச் சுழற்சி நீண்டது என்பதால், ஆறு மாதம் விடாமல் சாப்பிட்ட பிறகுதான் பலனை எடைபோட முடியும். மூன்றாம் மாதத்தில் பயனில்லை என்று நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. ஆறு மாதத்துக்குப் பிறகும் போதாவிட்டால், ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையைச் சேர்ப்போம். அதைச் சாப்பிடும் காலத்தில் கருத்தரித்தால் ஆண் கருவின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். எனவே திருமண நாள் குறித்ததும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கும் மாதவிலக்குக்கும் உதவும், முடிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசியைப் பற்றி இப்போது பலரும் கேட்கிறார்கள். அது தேவையா என்பதை உங்கள் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால், அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளுடைடைக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பதை மனத்தில் வையுங்கள்.

இனி எடை. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறை எண் 29க்குச் சற்று மேல் வருகிறது. இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன். இதைப் படித்து மனம் தளர வேண்டாம். 71 கிலோவில் ஐந்து சதவீதம் மூன்றரைக் கிலோதான், அவ்வளவு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்குகிறது. வாயைக் கட்டத் தெரியாததால் குண்டாகிவிட்டதாகச் சொல்பவர்களின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். இன்சுலின் மிகுந்த உடல் கொழுப்பைச் சேர்த்துவைக்கவே முனைகிறது.

நம் பக்கத்துச் சாப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. மிளகும் சோம்பும் அரைத்த கோழிக் குழம்பு எதிரி அல்ல. அதோடு மூன்று முறை போட்டுக்கொள்ளும் சோறும், காலையில் இடியாப்பம், நான்கு மணிக்கு இடைப்பலகாரம், இரவில் மறுபடி தோசை என்று நாள் முழுவதும் மாவாகவே நகர்வதும்தான் சிக்கல். தட்டில் பாதியை வெண்டைக்காய் மண்டி, கீரை, கூட்டு, பொரியல் ஆகியவற்றால் நிரப்புங்கள். கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பயறு இருக்கட்டும். சோறு மீதமுள்ள கால் பங்கில் அடங்கட்டும். இடைப்பலகாரத்தை விட முடியாதென்றால் வெள்ளைப் பணியாரத்துக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறோ செய்யச் சொல்லுங்கள். கவுனி அரிசி தீட்டாத தானியம், நல்லது என்று ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடுபவர்கள், அதில் சேரும் சர்க்கரையையும் நெய்யையும் தேங்காயையும் கணக்கில் எடுப்பதில்லை; அது இனிப்புதான், பண்டிகைக்கு இரண்டு கரண்டி போதும். ஆடியில் செய்யும் கும்மாயம் என்ற இனிப்புக்கும் இதே கணக்கு. விசேஷ வீட்டில் ஒரு கந்தரப்பத்தைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டுக்கு வரும் பலகார டின் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பட்டினி கிடக்க வேண்டாம், எந்த ஓர் உணவு முறையும் பி.சி.ஓ.எஸ்.ஸுக்கென்று தனிச் சிறப்பு உடையது அல்ல. உங்களால் ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்க முடிகிற முறையே உங்களுக்கான முறை.

நடைப்பயிற்சிக்கு வெளியே போகக் கூச்சம் என்றோ வெயில் என்றோ சொல்பவர்களிடம், முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் நம் நீள வீடுகளை நினைவூட்டுவேன். அப்படிப்பட்ட வீட்டில் முகப்பிலிருந்து உள்முற்றமான வளவைக் கடந்து பின்கட்டு வரை வேகமாகப் போய்த் திரும்புவதும் நடைதான். வீடு சிறியது என்றால் மொட்டை மாடி போதும். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் நல்ல தொடக்கம். எடை குறைய 250 நிமிடம் வரை கொண்டுபோக வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். திண்ணையில் கை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகப் பிடித்துத் தூக்குவது ஆகியவையே போதும். தசை வலுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். எடை காட்டும் முள் அசையாத வாரங்களிலும் இந்தப் பலன் உண்டு. எடையோடு இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள், நம் பெண்களுக்கு அது 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

நீர்க்கட்டி என்ற சொல் பலரை அச்சுறுத்துகிறது. அவை அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல, முழுதாக முதிராமல் பாதியில் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள்தான். ஒழுங்கற்ற மாதவிலக்கும் முடி வளர்ச்சியும் சேர்ந்திருப்பதே உங்களுக்கு பி.சி.ஓ.எஸ். என்று கருத வைக்கிறது என்றாலும், தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், அட்ரீனல் சுரப்பிக்கான 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்த்து மற்ற காரணங்களை விலக்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையும், கொழுப்புப் பரிசோதனையும், ரத்த அழுத்தமும் கட்டாயம். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் இருந்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும், அதை விட்டுவைக்கக் கூடாது; மாத்திரை கொடுத்து வரவழைப்போம். சில மாதங்களுக்குள்ளேயே முடி வேகமாகப் பெருகினாலோ, குரல் கரகரத்து ஆண் குரல் போல மாறினாலோ, நெற்றியோரம் வழுக்கை விழுந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அதே சமயம், பி.சி.ஓ.எஸ். இருந்தால் குழந்தை பிறக்காது என்பதும் தவறு. பெரும்பாலோர் தாயாகிறார்கள், சினைமுட்டை வெளிவரத் தாமதமாகிறவர்களுக்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் உதவுகின்றன. இதை மறைத்துத் திருமணம் பேச வேண்டிய அளவுக்கு இது ஒரு குற்றமோ குறையோ அல்ல. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் காணப்படுகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமில்லாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்து, கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

இந்தப் பதிலை உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். பிறகு இருவருமாகக் காலையில் வெறும் வயிற்றில் பரிசோதனைக்குப் போங்கள். பழைய ஸ்கேன் அறிக்கையையும், கடைசி ஆறு மாதவிலக்குகளின் தேதிகளையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் நாடி முடியைத் தொடாமல் விடுங்கள், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை மருத்துவர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.