மூக்கைத் தூக்கும் மியூரா

கேள்வி: இத்தாலியின் லம்போர்கினி மியூராவைப் போல அழகான கார் இன்னொன்று வரவில்லை என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

பதில்: 12 சிலிண்டர் எஞ்சின் நல்ல நீளம். அதை டிரைவர் முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் வைத்தால் வண்டி ரயில்பெட்டி மாதிரி ஆகிவிடும். டல்லாரா, ஸ்டான்சானி என்ற இளம் எஞ்சினியர்கள் அதைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸையும் அதே வார்ப்பில் சேர்த்து அடக்கிவிட்டார்கள். பிரிட்டனின் குட்டி மினி காரில் ஏற்கெனவே இருந்த யோசனைதான். 1965-ல் டூரின் கண்காட்சியில் மேல் உடல் இல்லாத வெறும் சேஸியை (அடிச்சட்டத்தை) மட்டும் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அதையே ஜனங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பெர்டோன் நிறுவனம் உடல் செய்துகொடுக்க, அடுத்த மார்ச்சில் ஜெனீவாவில் முழு கார் வந்தது. வரைந்த மார்செல்லோ கந்தினிக்கு அப்போது 27 வயது!

ஹெட்லைட்டைக் கவனித்திருக்கிறீர்களா? அணைந்திருக்கும்போது வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்திருக்கும், சுற்றிலும் கண்ணிமை முடி மாதிரி கறுப்புப் பட்டைகள். கடைசியாக வந்த எஸ்.வி. மாடலில் பெரும்பாலும் அந்த இமையை எடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். இரண்டு கதவையும் திறந்துவிட்டு முன்னால் நின்று பார்த்தால் காளையின் கொம்பு தெரியும். மியூரா என்பதே ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்க்கும் குடும்பத்தின் பெயர்.

கேள்வி: சரி, ஓட்டுவதற்கு எப்படி?

பதில்: அங்கேதான் வில்லங்கம். 3.9 லிட்டர் எஞ்சின், முதல் மாடலில் 350 குதிரைத்திறன், 1971-ல் வந்த எஸ்.வி.யில் 385. அந்தக் காலத்துக்கு அசுர வேகம். ஆனால் பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருக்கிறது, பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாகும், அதோடு உடலின் வடிவமும் காற்றில் மேலே தூக்கும், ஆக நீங்கள் வேகமாகப் போகும் நேரம் பார்த்து ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி ஆகிவிடும். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய் என்பதால் கியர் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் எஞ்சினுக்குள்ளும் சுற்றும். எஸ்.வி.யின் பிற்பகுதி வண்டிகளில்தான் இரண்டையும் பிரித்தார்கள். சிக்னலில் ரொம்ப நேரம் நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி வழிந்து தீப்பிடித்த கதைகளும் உண்டு. தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் 12 சிலிண்டர். சூடும் சத்தமும் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு ஒன்று கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். டேங்கை மட்டும் பாதிக்குக் கீழே இறங்கவிடமாட்டேன்.

கேள்வி: ஃபெராரியைப் பழிவாங்கத்தான் மியூராவைச் செய்தார்களாமே?

பதில்: ஃபெராரியோடு உரசல் என்பது டிராக்டர் முதலாளி ஃபெருச்சியோ லம்போர்கினி கார் கம்பெனி தொடங்கியதற்குச் சொல்லப்படும் கதை. மியூரா விஷயம் வேறு. ரேஸ் என்றாலே முதலாளிக்கு ஆகாது, டல்லாரா, ஸ்டான்சானி பையன்களுக்கோ எப்போதும் ரேஸ் நினைப்புதான். வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து வரைந்துகொண்டுபோய்க் காட்டினார்கள், அவரும் சரி என்றுவிட்டார்.