8 ஜிபி ராம் போட்டும் விண்டோஸ் 7-இல் 3.25 ஜிபிதான் காட்டுகிறதே, ஏன்?

ராம் பழுதில்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை. உங்களுடையது பெரும்பாலும் 32-பிட் விண்டோஸாக இருக்கும். ராமின் ஒவ்வொரு பைட்டையும் அடையாளம் காண ஒரு முகவரி எண் வேண்டும். 32-பிட்டில் இருக்கும் முகவரிகள் மொத்தம் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது 4 ஜிபிக்கு மட்டும். அதிலேயே கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்களுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும். மிச்சம்தான் நமக்கு. கிராஃபிக்ஸ் கார்டு பெரிதென்றால் இன்னும் குறையும்.

64-பிட்டுக்கு மாறுங்கள். அங்கேயும் விண்டோஸ் 7-இன் ஒவ்வொரு பதிப்புக்கும் மைக்ரோசாஃப்ட் கடிவாளம் போட்டிருக்கிறது: ஹோம் பேசிக் 8, ஹோம் பிரீமியம் 16, புரொஃபஷனல் 192 ஜிபி. (இது தொழில்நுட்பமல்ல, வியாபாரம்!) மதர்போர்டின் வரம்பு தனி. அதிலுள்ள சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) இன்டெல் எச்61 என்றால் 16 ஜிபிதான்.

மாறும் முன் கோப்புகளை பேக்கப் எடுத்துவிடுங்கள். 32-இலிருந்து 64-க்கு அப்கிரேடு கிடையாது. புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.