காலியாக விடப்பட்ட இருக்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

நண்பர்களிடையே 'யோசிக்க வைக்கும் படங்கள்' என்று பேச்சு வந்தால் எப்போதும் ஒரே வகைப் படங்களைத்தான் சொல்கிறார்கள். காலம் முன்னும் பின்னும் ஓடும், கனவுக்குள் கனவு வரும், கடைசிக் காட்சியில் எல்லாம் தலைகீழாகிவிடும். நானும் தேடிப் பார்க்கிறேன். புரியாத இடங்களுக்கு யாராவது சொல்லியிருக்கும் விளக்கத்தையும் படிக்கிறேன். புரிந்ததும் அந்தப் படம் என்னை விட்டுப் போய்விடுகிறது. ஆனால், பெரிதாகக் கதையே இல்லாத சில படங்கள் நாட்கணக்கில் கூடவே இருக்கின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாக நகரும் படங்களில் நான் தூங்கிவிடுவதும் உண்டு. இது ரசனைக் குறைவா? உங்களை யோசிக்க வைத்த, உங்களுக்கு மிகவும் பிடித்த படங்கள் எவை?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். "புரிந்ததும் படம் என்னை விட்டுப் போய்விடுகிறது" என்கிறீர்கள். விடை தெரிந்த விடுகதையை யாரும் தனக்குத்தானே இரண்டாம் முறை போட்டுக்கொள்வதில்லை. அந்தப் படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. முடிச்சைப் போட்டு அவிழ்ப்பதும் ஒரு கலைதான். ஆனால் முடிச்சு அவிழ்ந்ததும் கையில் மிஞ்சுவது வெறும் கயிறு.

உங்கள் கடிதம் வந்த பிறகு, எனக்குள் தங்கிவிட்ட படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் கவனிக்காத ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அவற்றில் பலவற்றில் எங்கோ ஒரு விசாரணை நடக்கிறது. குற்றம் சாட்டுகிறவர் இருக்கிறார், சாட்சி இருக்கிறது, வாதம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவரின் இருக்கை மட்டும் காலியாக இருக்கிறது. பார்க்கிறவர் தன்னை அறியாமலேயே போய் அதில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தில் இது கண்கூடாகவே நடக்கிறது. 1950-ல் வந்து, அடுத்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற படம். ஓடுவது 88 நிமிடம்தான். காட்டில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன் ஒரு கதை சொல்கிறான். சாமுராயின் மனைவி இன்னொரு கதை சொல்கிறாள். இறந்தவனே ஒரு பெண்மேல் ஆவியாக வந்து மூன்றாவது கதை சொல்கிறான். விசாரணை நடக்கும் முற்றத்தில் நீதிபதியைக் காட்டுவதே இல்லை. அவர் கேட்கும் கேள்விகள்கூட நம் காதில் விழுவதில்லை. ஒவ்வொருவரும் தரையில் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். கேள்வி கேட்டது நாம்தான் என்பதுபோலப் பதில் சொல்கிறார்கள்.

இந்தப் படத்தை 'ஆளுக்கொரு உண்மை' என்று இரண்டே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விறகுவெட்டியைப் பாருங்கள். பிணத்தைப் பார்த்ததாக மட்டும் முற்றத்தில் சொன்னவன், பிறகு மழைக்கு ஒதுங்கிய பாழடைந்த வாயிலில், நடந்தது முழுவதையும் பார்த்ததாக ஒப்புக்கொண்டு நான்காவது கதையைச் சொல்கிறான். களைத்த முகம், கந்தல் உடை. பொய் சொல்லி அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. அதனால் நம்பிவிடுகிறோம். அப்போது கூட இருப்பவன் ஒரு கேள்வி கேட்கிறான்: அந்தப் பெண்ணின் குறுவாள் எங்கே? விறகுவெட்டியால் பதில் சொல்ல முடியவில்லை. நான் முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் எனக்கு முகம் சுட்டது. கொள்ளைக்காரன் பேசியபோது சந்தேகத்தோடு கேட்டவன் நான். இவன் பேசியபோது சந்தேகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். உண்மை ஆளுக்கொன்றாக இருக்கிறது என்று அந்தப் படம் எங்கும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எங்கே பொய் சொல்கிறார்கள் என்று காட்டுகிறது. கேட்கிறவன் எந்தப் பொய்யை விரும்பி நம்புகிறான் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது.

அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட்டின் முதல் திரைப்படமான '12 ஆங்கிரி மென்' (1957), ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகளோடு நம்மை ஓர் அறையில் அடைத்துப் பூட்டுகிறது. தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன். முதல் வாக்கெடுப்பில் பதினொரு பேர் 'குற்றவாளி' என்று கையைத் தூக்குகிறார்கள். ஒருவர் மட்டும் தூக்கவில்லை. அவர் பையனை நிரபராதி என்று சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். தனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறார். ஓர் உயிரைப் பற்றி முடிவெடுக்கும் முன் கொஞ்சம் பேசலாமே என்கிறார். அவ்வளவுதான் அவருடைய கட்சி.

லூமெட் செய்த ஒரு காரியத்தை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். படத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கும், அடுத்த பகுதியில் கண்மட்டத்தில், கடைசிப் பகுதியில் கண்மட்டத்துக்குக் கீழே. லென்ஸும் படிப்படியாக மாறும். போகப்போகச் சுவர்கள் நெருங்கி வருகின்றன, கடைசியில் தலைக்கு மேல் கூரையே தெரிய ஆரம்பிக்கிறது. இதைப் படிப்பதற்கு முன்பு எனக்கு இது தெரியாது. இரண்டாம் பாதியில் மூச்சு முட்டியது மட்டும் நினைவிருந்தது. இன்னொருவருடைய உயிரைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது எப்படியிருக்கும் என்பதை அவர் வசனமே இல்லாமல் உடம்புக்கு உணர்த்திவிட்டார்.

படம் முடிந்த பிறகும் அந்தப் பையன் கொன்றானா இல்லையா என்று நமக்குத் தெரியாது. படம் சொல்லவே இல்லை. பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் "அவன் நிரபராதி என்று நிரூபித்துவிடுகிறார்களே" என்பார்கள். நிரூபிக்கவில்லை. சந்தேகம் இருக்கிறது என்பதை மட்டும்தான் நிறுவினார்கள். கண்ணகி பாண்டியனின் அவையில் நின்று அவனைக் 'கொடியவனே' என்று அழைக்கவில்லை, 'தேரா மன்னா' என்றாள். ஆராயாமல் தீர்த்துவிட்டதுதான் அவன் செய்த குற்றம். அந்த அறையில் கையைத் தூக்காத மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும்.

இனி, எனக்கு மிக மிகப் பிடித்த படத்துக்கு வருகிறேன். ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்'. 2011-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது, அடுத்த ஆண்டு ஆஸ்கரும் பெற்றது. தொடக்கத்திலேயே ஒரு கணவனும் மனைவியும் நம் எதிரே உட்கார்ந்து வாதாடுகிறார்கள். நீதிபதியின் குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. கேமரா இருப்பது அவருடைய இடத்தில். மகளின் எதிர்காலத்துக்காக நாட்டை விட்டுப் போக வேண்டும் என்கிறாள் மனைவி. மறதிநோய் முற்றிய அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்கிறான் கணவன். உன்னை மகன் என்றுகூட அவருக்குத் தெரியாதே என்று அவள் கேட்க, அவர் என் அப்பா என்பது எனக்குத் தெரியுமே என்கிறான் அவன். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே தீர்ப்பெழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

மனைவி வீட்டை விட்டுப் போன பிறகு, முதியவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேலைக்கு வருகிறாள். ஏழை, கர்ப்பிணி, கடவுளுக்கு மிகவும் அஞ்சுபவள். ஒருநாள் முதியவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டு வெளியே போகிறாள். திரும்பிவந்த மகன் அப்பாவைத் தரையில் விழுந்து கிடக்கப் பார்க்கிறான். வீட்டில் கொஞ்சம் பணமும் காணவில்லை. ஆத்திரத்தில் அவளை வாசலுக்கு வெளியே தள்ளுகிறான். அவளுடைய கரு கலைந்துவிடுகிறது. இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்தை நான் அக்காவோடு பார்த்தேன். எங்கள் அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் நினைவு போய்விட்டது. அவரைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டது அக்காதான். கட்டிலில் கட்டிப்போடும் காட்சி வந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். படம் முடிந்ததும், "இவளை எப்படி மன்னிப்பது?" என்றாள். நான் அந்தப் பெண்ணின் பக்கம். இரவு வெகுநேரம் பேசினோம், குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்தது. ஒரு வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அந்தப் பெண் வயிற்றைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து போவதைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். பிறகு, "நானும் ஒருநாள் அப்பாவை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அரை மணி நேரம்தான். உன்னிடம் சொன்னதில்லை" என்றாள். என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அந்த அரை மணி நேரம் நான் எங்கே இருந்தேன் என்று அவள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன், இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு படம் யோசிக்க வைத்தது என்று நான் சொல்வது இதைத்தான். படத்தில் வரும் ஆட்களைப் பற்றித் தொடங்கிய விசாரணை, ஏதோ ஒரு கட்டத்தில் என் வீட்டுக்குள் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது.

தமிழில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) எனக்கு அப்படி ஒரு படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்து, வேறொரு இடத்துக்குப் போன கதை. விஜயன் நடித்த அந்தக் கொடூரமான மனிதனைப் படம் முழுக்க வெறுத்துக்கொண்டே வருகிறோம். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. நம் மனமும் கூட்டத்தோடு போகிறது. வேண்டும் இவனுக்கு என்கிறது. அப்போது அவன் திரும்பி நின்று, உங்கள் எல்லோரையும் என்னைப்போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான் என்ற பொருளில் ஒன்றைச் சொல்கிறான். கூட்டத்தில் நின்ற நமக்கு அந்த ஒரு பேச்சு போதும். பிறகு அவனுடைய குழந்தைகள் இருவரும் கரையோரம் தனியே போகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அந்த ஊர் என்ன பதில் சொல்லும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

உங்கள் நண்பர்கள் சொல்லும் வகையிலும் விதிவிலக்கு இருக்கிறது. கிறிஸ்டோபர் நோலனின் 'மெமென்டோ' (2000) பின்னாலிருந்து முன்னால் நகரும் படம்தான், முடிச்சும் சிக்கலானதுதான். ஆனால் முடிச்சு அவிழும்போது தெரியவருவது, நினைவு தங்காத அந்த மனிதன் நாளைக்குத் தான் நம்பப்போகும் ஒரு பொய்யை இன்றைக்குத் தெரிந்தே எழுதிவைக்கிறான் என்பது. நினைவு நன்றாக இருக்கும் நாமும் அதைச் செய்கிறோம் அல்லவா? அதனால்தான் விடை தெரிந்த பிறகும் அதை மறுபடி பார்க்கிறேன்.

கருத்துச் சொல்லும் படங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. கடைசியில் ஒருவர் நின்று நீளமாகப் பேசி, நாம் கைதட்டிவிட்டு வருகிற படங்களில் நல்ல எண்ணம் இருக்கிறது. ஆனால் தீர்ப்பையும் அவர்களே எழுதிவிடுகிறார்கள். நமக்கு மிஞ்சுவது கையெழுத்துப் போடுகிற வேலை.

தூக்கத்துக்கு வருகிறேன். வருத்தப்படவே வேண்டாம். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சில படங்கள் தன்னைத் திரையரங்கிலேயே தூங்க வைத்ததாகவும், அதே படங்கள்தான் பிறகு இரவில் தன்னை விழித்திருக்க வைத்ததாகவும் சொன்னார். மெதுவான படம் நம்மைப் பிடித்து இழுப்பதில்லை, நம் போக்கில் விடுகிறது. உடம்பு களைத்திருந்தால் அந்த இடைவெளியில் தூக்கம் வரத்தான் செய்யும். களைப்பில்லாத வேளையில், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாருங்கள். முடிந்ததும் உடனே விளக்கம் தேடாதீர்கள். அந்தக் குழப்பம் உங்களுடையது, இரண்டு நாளாவது உங்களிடமே இருக்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'எ செபரேஷன்' என்பேன். காணாமல் போன பணம் எங்கே போனது என்பதற்கான விடை தொடக்கத்திலேயே நம் கண் முன்னால் வந்துவிடுகிறது. நான் முதல் முறை அதைக் கவனிக்காமல் விட்டேன், கவனிக்காமலேயே அந்தப் பெண்மேல் சந்தேகமும் பட்டேன். படத்தின் முடிவில், யாரோடு போக விரும்புகிறாய் என்று மகளிடம் நீதிபதி கேட்கிறார். முடிவெடுத்துவிட்டேன் என்கிறாள். பெற்றோர் இருவரையும் வெளியே அனுப்புகிறார்கள். நடைவழியில் ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக அவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் காத்திருக்கும்போதே பெயர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன.

பார்த்த இரவே எனக்கு எழுத வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். பணத்தை நீங்கள் பார்த்தீர்களா, அந்த மகள் யாரைச் சொல்லியிருப்பாள் என்று இரண்டையும் எழுதுங்கள். அக்காவிடமும் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்